மிஸ்டு இல்லாத மத்தியானம்

மூன்று வருடமாக எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் ஒரே பதிலைச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இல்லை, நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. இல்லை, கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் துடைக்கவும் படிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு படிப்பு இருக்கிறது. பெயர் ஆப்டோமெட்ரி. கண்ணைப் பரிசோதித்து, எந்த லென்ஸ் என்று கண்டுபிடித்து, கண்ணில் வேறு கோளாறு இருந்தால் டாக்டரிடம் அனுப்பி வைக்கிற வேலை. நான்கு வருட டிகிரி.

"அப்ப ஊசி போடுவியா?" என்பார் பெரியம்மா.

"போடமாட்டேன்."

"ஊசியும் போடாம அதுக்கு எதுக்கு நாலு வருசம்?"

இந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்காத ஒரே ஆள் அப்பா. டீக்கடையில் யாராவது விசாரித்தால், "என்ற பொண்ணு கண்ணு படிக்குது" என்பார், அவ்வளவுதான். ஏதோ புத்தகத்தைப் படிப்பது மாதிரி. எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பா ஊட்டிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் லாரி டிரைவர். சின்ன விவசாயிகள் பறித்து வைக்கிற பச்சை இலையை ஊர் ஊராகப் போய் ஏற்றிக்கொண்டு வருவது அவர் வேலை. ஸ்கூல் லீவு நாட்களில் என்னையும் கேபினில் ஏற்றிக்கொள்வார். ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் டிரைவர்கள் உட்கார்ந்து ஒன்றை ஒப்பிப்பார்கள். "ஈ... எஃப் பி... டி ஓ இசட்..." புதிதாகச் சேர்ந்தவர் தப்பாகச் சொன்னால் தலையில் தட்டுவார்கள். நான் அதை டிரைவர்களின் ஏதோ பாட்டு என்று நினைத்து, கூடவே சொல்லுவேன்.

கோயம்புத்தூர் காலேஜில் முதல் வாரம். மேடம் சுவரில் ஒரு சார்ட்டை மாட்டினார். மேலே ஒற்றைப் பெரிய எழுத்து, கீழே வரவர சின்ன எழுத்துகள். அவர் குச்சியை எடுப்பதற்குள் நான் திரும்பி நின்று கடைசி வரி வரைக்கும் சொல்லிவிட்டேன். மொத்த கிளாஸும் வாயைப் பிளந்தது.

"முன்னாடியே எங்கயாவது படிச்சியா?" என்றார் மேடம்.

எங்கே படித்தேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. எங்கள் பக்கத்து டிரைவர்கள் கண் சர்ட்டிபிகேட் வாங்கப் போகிற இடத்தில் வருடக்கணக்காக ஒரே சார்ட் தொங்கியிருக்கிறது. அதை ஆளுக்கு ஆள் மனப்பாடமாகக் கைமாற்றி வந்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஃபோனில் அப்பாவிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார்.

இரண்டாம் வருடம் ரெட்டினோஸ்கோப் கைக்கு வந்தது. பார்க்க டார்ச் லைட் மாதிரிதான் இருக்கும். இருட்டில் கண்ணுக்குள் ஒரு கோடு வெளிச்சம் பாய்ச்சினால், கருவிழிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மின்னும். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே பவர் சொல்லலாம். சார்ட்டுக்கு முன்னால் உட்காருகிறவர்கள் கதை விடுவார்கள். "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார்கள். இதற்கு யாருடைய பதிலும் தேவையில்லை. ரூம்மேட், மெஸ் அக்கா, வாட்ச்மேன் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் இருட்டில் உட்கார வைத்தேன்.

நான் கீழே இப்படிக் கண் தேடி அலைந்த நாட்களில்தான் மேலே மலையில் தேயிலை விலை விழுந்தது. முன்பும் விழுந்திருக்கிறது, எழுந்திருக்கிறது. இந்தத் தடவை விழுந்தது அப்படியே கிடந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று பலர் செடியை அப்படியே விட்டுவிட, தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாக வளர்ந்து நின்றது. ஃபேக்டரி முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது. அப்புறம் கேட்டை மூடினார்கள். அப்பா ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்தார். உட்கார்ந்து பழகாத ஆள். நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மறுபடி மாட்டுவதாக அம்மா ஃபோனில் புலம்பினாள்.

ஃபெர்ன்ஹில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர் வேலை இருப்பதாகத் தகவல் வந்தது அப்போதுதான். வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும், கண் டெஸ்ட் உண்டு. அப்பா அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, அவங்க வேற எழுத்து போர்டு வெச்சிருக்காங்களாமா. உங்க காலேஜ்ல இருக்கற போர்டையெல்லாம் ஃபோட்டோ புடிச்சு அனுப்பு."

"எதுக்குப்பா? உக்காந்து படிச்சா போச்சு."

"அதெல்லாம் தெரியும். சும்மா ஒரு தைரியத்துக்கு."

"லீவுக்கு வர்றேன், நானே டெஸ்ட் பண்றேன்" என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு இன்னொரு ஜோடிக் கண் கிடைத்த சந்தோஷம்தான் அப்போது.

ஸ்டடி லீவில் போனேன். டிபார்ட்மெண்டில் கெஞ்சி வாங்கிய லென்ஸ் பெட்டி, ரெட்டினோஸ்கோப், தமிழ் எழுத்துப் போட்ட ஒரு சார்ட். சார்ட்டுக்கு இருபது அடி வேண்டும். எங்கள் வீடு அத்தனை நீளமில்லை. சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுச் சுவரில் சார்ட்டை மாட்டிவிட்டு, அப்பாவுக்கு எங்கள் வாசலில் நாற்காலி போட்டேன். ஊட்டியில் எப்போதாவது கிடைக்கிற மத்தியானம் அது. மிஸ்டு என்று நாங்கள் சொல்லுகிற பனிமூட்டம் துளிகூட இல்லை, பளீரென்று வெயில். சந்து முழுக்க எல்லோரும் கம்பளி காயப்போட்டிருந்தார்கள். எதிர் மேட்டில் கொடியில் தொங்கிய சேலையின் கரைகூடத் தெரிந்தது.

வலது கண்தான் முதலில் பார்ப்பது வழக்கம். "இடது கண்ணை மூடிக்கங்கப்பா. மேல இருந்து படிங்க."

அப்பா உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஈ. எஃப் பி. டி ஓ இசட்..."

தடங்கலே இல்லை. வாசற்படியில் பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்க! அது தமிழுங்க!"

கம்பளியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா வெடித்துச் சிரித்தார். "அண்ணன் இங்கிலீசு மீடியமுங்க அக்கா!" எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா கையை எடுத்தார். இரண்டு கண்ணாலும் சார்ட்டைப் பார்த்தார். பெரிய 'ட' அங்கே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். எடுத்தார்.

"மிஸ்டு எறங்கிருச்சு, அம்மிணி. அதான். கொஞ்ச நேரம் போகட்டும், கலைஞ்ச பொறவு பாக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா வெயிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த வருசம் மிஸ்டு சாஸ்தி" என்று அவர் ஃபோனில் சொல்லாத வாரமே இல்லை. போன வருடமும் சொன்னார். நானும் "ஆமாப்பா, கிளைமேட்டே மாறிப்போச்சு" என்று பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்லியிருக்கிறேன். கீழே இருக்கிற ஒருவருக்குக் கண் மங்கினால் கண் மங்குகிறது என்றுதான் நினைப்பார். எங்கள் ஊரில் அப்படி நினைக்க அவசியமே இல்லை. வருடத்தில் பாதி நாள் எல்லோருக்கும்தான் எதிரே இருப்பது தெரியாது. லாரியின் வலது பக்கம் முழுக்க இருந்த கீறல்களுக்கு அவர் குறுகல் ரோட்டைத் திட்டினார். நாங்களும் சேர்ந்து திட்டினோம்.

உள்ளே கூட்டிப்போய் ஜன்னலைக் கம்பளியால் மூடினேன். இடது கண்ணில் வெளிச்சம் அழகாக ஓடியது. வலது கண்ணில் ஓடவே இல்லை. ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல்.

"இந்தக் கண்ணுல எப்பவாவது அடி பட்டுச்சாப்பா?"

"மூட்டை கட்டற கயிறு அறுந்து ஒருக்கா அடிச்சுது. நீ அப்ப சின்னப் புள்ள. ரெண்டு நாள் செவந்து கெடந்துச்சு, சரியாப் போச்சு."

"புரை மாதிரி இருக்குப்பா. டாக்டர் பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்லணும். ஆபரேசன் பண்ணா மறுபடி கண்ணு தெரியும்."

அவர் ஆபரேஷனைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பள்ளிக்கூடத்துல டெஸ்ட் பண்றவங்ககிட்ட இந்த லைட்டு இருக்குமா?"

"இருக்காதுன்னு நெனைக்கிறேன். போர்டு மட்டும்தான் வெப்பாங்க."

"அப்ப போர்டு தெரிஞ்சா போதும்."

"போதும்."

அம்மா கதவருகே நின்றாள். "ஆபரேசன் முடிச்சுட்டுப் பொறவு அங்க போனா ஆகாதுங்களா?"

"அதுவரைக்கும் எனக்குன்னு சீட்டைக் காலியாவா போட்டு வெச்சிருப்பாங்க? ஊரே வேலையில்லாம கெடக்குது."

அவர் சொன்னது சரிதான். அத்தனை சார்ட்டும் என் ஃபோனில் இருந்தன. அனுப்புவதற்கு ஒரு விரல் போதும். அனுப்பினால் அப்பா மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பார், குழாயைக் கழற்ற மாட்டார். மூன்று வருடம் கண் படித்தவளுக்கு 'கூடாது' என்று சொல்வது சுலபம். ஆனால் நான் பரீட்சை எழுதக் கீழே போய்விடுவேன். அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கப்போவது அவர்தான்.

"சரிப்பா, அனுப்பறேன்" என்றேன். "ஆனா நாளைக்கு என்கூடக் குன்னூர் வரைக்கும் பஸ்ல வாங்க. முன் சீட்டு. இடது கண்ணை மூடிக்கங்க. எதிர்ல என்னென்ன வருதுன்னு சொல்லிட்டே வரணும். அதுக்கப்புறமும் அனுப்புன்னு சொன்னீங்கன்னா, சத்தியமா அனுப்பறேன்."

"எனக்கே டெஸ்ட்டா?" என்றார். கொஞ்சம் கோபம், கொஞ்சம் வீம்பு. "இந்த ரோட்டுல எந்தப் பள்ளம் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். வர்றேன், வா."

மறுநாள் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தோம். கண்டக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர். "ஏனுங்ணா, கண்ணுல தூசியா?" என்றார். "என்ற டாக்டரம்மா உத்தரவுப்பா" என்றார் அப்பா. கைக்குப் பின்னால் சிரிப்பது தெரிந்தது.

முதலில் ஜோராகத்தான் போனது. "லாரி." லாரி. "இன்னொரு பஸ்ஸு." பஸ். "இப்ப ஜீப்பு." நான் அசந்துவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். எல்லாவற்றையும் ஹாரனைக் கேட்டும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுமே சொல்கிறார்.

ஒரு குறுகல் வளைவில் எங்கள் டிரைவர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். வலது ஓரத்தில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஹாரன் கிடையாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏன் மெதுவாகப் போகிறது என்று கையை எடுத்துப் பார்த்தார். கடைசிப் பிள்ளை ஜன்னலுக்குக் கீழே, தொட்டுவிடுகிற தூரத்தில், தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டே போனது.

அப்புறம் அவர் கண்ணைப் பொத்தவில்லை. நானும் பொத்தச் சொல்லவில்லை.

குன்னூரில் இறங்கி டீ வாங்கினோம். பாதிக் குடித்துவிட்டு, "கோயமுத்தூருக்கு அடுத்த பஸ் எப்ப?" என்று கேட்டார்.

"இன்னைக்கேவாப்பா? மாத்துத் துணிகூட எடுத்துட்டு வரல."

"ஊட்டுக்குப் போனா மனசு மாறிரும். நட."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பள்ளிக்கூடத்து வேலை வேறு ஒருவருக்குப் போனது. அதே டீக்கடையில் கூட உட்கார்ந்து ஒப்பித்த டிரைவர், அப்பாவுக்கு ஜூனியர். செய்தி வந்தபோது அப்பா கருப்புக் கண்ணாடியோடு என் ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்திருந்தார். "அவன் நல்லா ஓட்டுவான்" என்றார். நான் செய்தது சரியா என்று அவரிடம் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மேலே திரும்பியபோது நானும் கூடப் போனேன். மறுபடி முன் சீட்டுதான். குன்னூரை நெருங்கும்போது வெளியே வெள்ளையாகிவிட்டது. மரம், ரோடு, முன்னால் போன லாரி எல்லாம் போய்விட்டன. டிரைவர் லைட்டைப் போட்டு ஊர்ந்தார். அப்பா இடது கண்ணை மூடினார். திறந்தார். வலது கண்ணை மூடினார். திறந்தார்.

"அம்மிணி, இது நெசமாவே மிஸ்டுதானா?"

"மிஸ்டுதாம்ப்பா. எனக்கும் ஒண்ணும் தெரியல."

"அப்பச் சரி" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.