ராத்தாவுக்குக் கீறிய முகம்

தூரிகை முனையை உதடுகளுக்கிடையில் வைத்துக் கூராக்கும்போது நாவில் ஒட்டிக்கொள்ளும் நீலச்சாயத்தின் இளங்கசப்போடுதான், ஐம்பதுகளில் கழிந்த எனது ஒன்பதாவது வயது நினைவில் எழுகிறது. வாப்பா கல்முனைச் சந்தையில் வாங்கித் தந்த ‘பெயின்ற் பெட்டி’யின் சாயத்தை நீரில் கரைத்து, தாளில் மாங்காயாகவோ கத்தரிக்காயாகவோ பரவவிட்டு, அது காய்ந்தபின் தொட்டெழுதும் பேனையால் கண்ணும் மூக்கும் வைத்தால், யாராவது ஒருவர் அதிலிருந்து எட்டிப் பார்ப்பார். முகம் கீறிய கடுதாசி கிடக்கும் அறைக்குள் மலக்குமார் என்னும் வானவர்கள் வரமாட்டார்கள் என்று உம்மா கண்டிப்பார். ஆகவே ‘குசினி’ எனும் அடுக்களைக்குப் பின்னால் இருந்தே கீறுவேன்.

அந்நாளில் என் மூத்த சகோதரி, ராத்தாவுக்கு, சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசினார்கள். வயதுக்கு வந்தபின் வாசல் படலை தாண்டாதவள் அவள். மாப்பிள்ளையைப் பார்க்கும் வழக்கமும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதமா, இல்லையா என்று சொல்லும்படி வாப்பா கேட்டிருந்தார். வியாழன் காலை, நெல் குற்றுவதற்காக அவரோடு சம்மாந்துறை மில்லுக்குப் புறப்பட்ட என்னை ராத்தா மறித்தாள்.

“புள்ள, அவரு அங்கதான் வேல. நல்லாப் பார்த்து வந்து கீறிக் காட்டு.”

“எனக்குப் பகிடி முகந்தான் வரும், ராத்தா.”

“பகிடியாக் கீறினாலும் ஆள் ஆள்தானே.”

மில்லில் மாப்பிள்ளை, வாப்பாவோடு வந்த என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட, நான் பார்த்தது இரண்டு காதுகளையும் ஒரு மீசையையும் மட்டுமே. வீடு திரும்பியதும் ராத்தா அவசரப்படுத்தியதில், மாங்காய் முகம் காயுமுன்பே கண்களுக்கு மை வைத்துவிட்டேன். மை கன்னம்வரை கிளைவிட்டு ஓடியது. ஒற்றுத்தாளைத் தேடுவதற்குள் அவள் கடுதாசியை எடுத்துவிட்டாள். காதுகளைக் கண்டு சிரித்தவள், கண்களைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள்.

“அழுதிரிக்காரு போல. அவருக்கும் பயந்தானே. உம்மாவ உட்டுட்டு நம்மட ஊட்டுக்கு வந்து இரிக்கப் போறது அவருதானே.”

அன்று பின்னேரமே அவள் உம்மாவிடம் ‘ஓம்’ சொன்னாள். கல்யாணம் முடிந்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதம் முழுவதும், அவருடைய உம்மா எப்படிக் கறி ஆக்குவார் என்று கேட்டுக் கேட்டு ஆக்கிக் கொடுத்தாள். எங்களில் யாரைவிடவும் சத்தமாகச் சிரிக்கும் மனிதராக இருந்தார் மச்சான். அவர் கண்கலங்கி நான் கண்டதேயில்லை.

இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாப்பிள்ளையின் படத்தைக் கைபேசியில் பெருப்பித்துப் பார்க்கிறார்கள், அவரோடு கதைத்தும் பார்க்கிறார்கள். படலைக்குள் இருந்தபடி இன்னொருவரின் கண்களை நம்பிக் காத்திருந்த காலம் போய்விட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. மச்சான் மௌத்தாகி மறைந்த பிறகு, தனித்திருக்கும் பொழுதுகளில் ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்டைக்கு நீ அவரச் சரியாத்தான் கீறின, புள்ள,” என்கிறாள். சாயம் காயவில்லை என்பதை நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.