கப்பலில் வந்த மூன்று பேர்

போர்ட் பிளேயரில் ஒரு கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக நான் மெயின்லேண்டிலிருந்து வந்த புதிது. ஜெர்சி, பூட்ஸ், தண்ணீர் எல்லாம் பார்த்துக்கொள்ளும் சேவியர், முதல் ஆட்டத்தன்று என் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“சார், இந்த மூணு பேரும் காலையிலதான் நிக்கோபார் கப்பல்ல வந்து இறங்கினாங்க. கடல் ரொம்ப கராப், ராத்திரி பூரா கப்பல் ஒரே ஆட்டம். இன்னிக்கு இவங்க கால் நிக்காது.”

“நீங்க துணி துவைக்கிற வேலையை மட்டும் பாருங்க” என்றேன், எல்லார் முன்னிலையிலும்.

மூவரும் மைதானத்தில் தள்ளாடினார்கள். நான்கு கோல் வாங்கித் தோற்றோம்.

மறுநாள் அணியின் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. “கப்பல்ல வந்தவங்கள ஏன் ஆட்டத்துல இறக்கினீங்க?” என்றார் செயலாளர். கதவருகே ஜெர்சி மூட்டையோடு நின்ற சேவியர் சொன்னார்:

“சாருக்கு ஊர் புதுசு. நான்தான் சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்.”

அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

வெளியே வந்ததும், “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“போன கோச் மூணே மாசத்துல போயிட்டார் சார். வர்றவங்களுக்கெல்லாம் முதல்லேருந்து சொல்லிக்கிட்டிருக்க முடியல.”

இரண்டு வருடமாகிறது. பட்டியலை எழுதியதும் முதலில் சேவியரிடம்தான் காட்டுகிறேன். அவர் அன்று மறக்கவில்லை என்பதை மட்டும் கமிட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.