கனமான அலமாரி

நாற்பத்திரண்டில், குண்டு விழும் என்ற யுத்த பயத்தில் சென்னையை விட்டுப் போனவர்களிடம், பலகை பலகையாகக் கழற்றிய சமையலறை அலமாரி ஒன்றை வாங்கினேன். தச்சனைக் கூப்பிடாமல் நானே மாட்டுவதென்று சுத்தியல், ஆணி, மட்டம் பார்க்க ரசமட்டம் எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி வாங்கினேன். பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்று தோன்றவில்லை.

பலகைகளைப் பூட்டி, மயிலாப்பூர் வீட்டுச் சுவரில் தோளால் முட்டுக்கொடுத்து ஆணி அடித்தேன். காரை உதிர்ந்து முழுப் பாரமும் என்மேல் இறங்கியது. கீழே ஊறுகாய் ஜாடிகள். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் மாமியார் மட்டும். கடுமையான மடி, யார்மேலும் படாமல் ஒதுங்கியே இருப்பார்; எனக்குக் கல்யாணமான நாளாக என் எதிரே வந்து பேசியதில்லை.

“யாராவது வாங்கோளேன்!” என்று அலறினேன்.

மடிப்புடவையோடு ஓடிவந்து மறுபக்கம் தோள் கொடுத்தார். “விட்டுடாதேங்கோ மாப்பிள்ளே, தனியா என்னால தாங்க முடியாது.”

மனைவி வரும்வரை இருவரும் அப்படியே நின்றோம். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

இன்றும் ஒருவருக்கொருவர் முகம்கொடுத்துப் பேசாத உறவுக்காரர்களைப் பார்த்தால், அவர்கள் வீட்டுக்கு ஒரு கனமான அலமாரி வாங்கிக்கொடுக்கத் தோன்றுகிறது.