பக்கத்து வண்டியில் ஒரு துவக்கு

1990ஆம் ஆண்டு. மெல்பேர்னிலிருந்து சிட்னிக்குப் போகிற வழியில், பெற்றோல் அடிக்க மச்சான் சிவம் காரை நிறுத்துகிறான். பக்கத்து பிக்கப்பின் பின்கண்ணாடியில் முயல் சுடுகிற நீளத் துவக்கு ஒன்று தொங்குகிறது. அதைக் கண்ட பயத்தில் நான் இறங்காமல் இருக்கிறேன்.

துவக்குக்காரர் பண்ணை வைத்திருக்கிற ஒரு கமக்காரர். பெற்றோல் அடிக்கிறவரோடு வாதாடிக்கொண்டு நிற்கிறார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்; இவர்களின் வேகமான இங்கிலீஷ் பிடிபடாது.

"என்னடா, சண்டையே?" என்று சிவத்திடம் கேட்கிறேன்.

"இல்லை மச்சான். எல்லாத் துவக்குக்கும் லைசென்ஸ் வேணும் எண்டு பெற்றோல்காரர் சொல்லுறார். துவக்கால சாகிறதைவிட றோட்டில கனபேர் சாகுதுகள், அப்ப நீ பெற்றோல் விக்கிறதை நிப்பாட்டுவியோ எண்டு மற்றவர் கேக்கிறார்."

"அதுக்கு?"

"காருக்கு லைசென்ஸ் இருக்கு, பெல்ட் இருக்கு, பொலிஸ் இருக்கு. உன்ர துவக்குக்கும் அதைத்தானே கேக்கிறன் எண்டுறார்."

கமக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். பிறகு, சரிதான் என்பதுபோல் சிரிக்கிறார். மற்றவரும் சிரிக்கிறார். எங்கள் ஊர்ச் சந்தியில் என்றால் இதற்குள் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தியிருக்கும். இப்படித் தோற்கிற மனிதரை நான் கண்டதில்லை.

அவர் எங்கள் காரை நோக்கி வருகிறார். நான் இருக்கையில் சரிந்துகொள்கிறேன். குனிந்து, என் நெஞ்சைக் காட்டி ஏதோ சொல்கிறார்.

"பெல்ட்டைப் போடட்டாம்," என்கிறான் சிவம். "நான் சொல்லேக்க கேட்டனியே?"

கார் தீப்பிடித்தால் கழற்ற முடியாது என்று பயந்து நான் போடாமல் விட்ட பெல்ட். இழுத்துப் பூட்டுகிறேன். 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அவர் ஜன்னலடியிலேயே நிற்கிறார்.