முதல் பத்து நிமிஷம்

கார்ட்டூன் படம் எடுக்கிறவர்களுக்கும் அம்மாமார்களுக்கும் என்ன ஜென்மப் பகையோ தெரியவில்லை. படம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, குட்டியின் அம்மா செத்துப்போய்விடுகிறாள். வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது, பாறை உருண்டு விழுகிறது, ஒன்றும் இல்லையென்றால் ஒரு காய்ச்சல் வருகிறது. அப்பன்காரன் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொள்கிறான். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அவன் அடிக்கிற கூத்துக்கு நாம் சிரிக்க வேண்டும். பச்சைப்பிள்ளைகள் பார்க்கிற படத்தில் இதெல்லாம் எதற்கு என்று யாரிடமாவது சண்டை போட ரொம்ப நாளாக ஆசை. யாரிடம் போய்ப் போடுவது?

தென்காசியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவி இறந்துபோனாள். அப்போது மகளுக்கு ஐந்து வயது, இப்போது எட்டு. அவள் அம்மாவைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்காதவரை நல்லது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கார்ட்டூன் படம் பார்ப்போம். சனிக்கிழமையே கடை லேப்டாப்பில் நான் ஒரு தடவை பார்த்துவிடுவேன். அம்மா சாகிற இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பென்டிரைவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவேன். குட்டி அம்மாவை நினைத்து அழுகிற இடம் நடுவில் வந்தால் அதற்கும் கத்தரிதான். ஒரு படம் இப்படி வெட்டி வெட்டி நாற்பது நிமிஷத்துக்கு வந்துவிட்டது. "ஏம்பா, அந்தக் கெட்டவன் எதுக்குக் கடைசில மன்னிப்புக் கேக்கான்?" என்றாள். அதற்கான காரணத்தை வெட்டியவனே நான்தான். "திருந்திட்டாம்மா" என்று சொல்லிவைத்தேன்.

வெட்டிய துண்டுகளை அழிக்க மட்டும் மனசு வரவில்லை. லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். செத்துப்போன அம்மாக்கள் எல்லாரும் அதற்குள் வரிசையாக இருந்தார்கள்.

இந்தச் சாரல் சீசனில் ஓர் ஆமைப் படம் கிடைத்தது. அம்மா இல்லாத குட்டியை அப்பா ஆமை முதுகில் ஏற்றிக்கொண்டு காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும். போய்ச் சேரும்போது சாயங்கால மணி அடித்துவிடும். சரியென்று திரும்பி நடந்தால் வீட்டு வாசலுக்கு வரும்போது மறுநாள் விடிந்திருக்கும். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே மறுபடியும் பள்ளிக்கூடம். கடையில் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எங்கள் வீட்டுக் காலையும் ஏறக்குறைய அதுதான். சீப்பை வைத்துக்கொண்டு நான் மகளின் தலையோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் வேன்காரர் மூன்று ஹாரன் அடித்திருப்பார். ஒரு சடை செங்கோட்டையைப் பார்த்து நிற்கும், இன்னொன்று ஆலங்குளத்தைப் பார்க்கும். இந்தப் படத்துக்கு அவள் உருண்டு புரண்டு சிரிக்கப்போகிறாள் என்று ஆசையாகக் கொண்டுபோனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். குற்றாலத்தில் குளிக்கலாம் என்று மூன்று பேரும் போனோம். அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை என்று சொல்லிவிட்டார்கள். சாரலில் நனைந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிவிட்டு ஆமைப் படத்தைப் போட்டேன்.

ஆமை பள்ளிக்கூடத்து வாசலில் தடுக்கிக் குப்புற விழுந்தது. நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

"ஏலே, இது அன்னைக்கு எங்க வீட்டுல ஓடுன படம்லா?" என்றாள் அக்கா. "மூணு நாளும் பிள்ள இதத்தான திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு என்றால் என் மனைவி இறந்த அன்றைக்கு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவருவதற்கு முன்பே, "பிள்ள பயந்துரும்லே, பாக்க வேண்டாம்" என்று அக்கா என் மகளைச் செங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டுபோய் அத்தானிடம் விட்டுவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை அப்படி ஒதுக்கிவைப்பது உண்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள். அத்தானுக்கு அழுகிற பிள்ளையைச் சமாளிக்கத் தெரியாது, டிவியைப் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் வீட்டைக் கழுவிவிட்ட பிறகுதான் மகள் திரும்பி வந்தாள். அம்மா சாமியிடம் போய்விட்டாள் என்றோம். தலையை ஆட்டினாள். யாருக்கும் நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மகள் அணைத்த டிவிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இதுல முதல்ல ஆத்துல வெள்ளம் வரும்பா. அந்த அம்மா ஆமை போயிரும். நீங்க வெட்டிட்டீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"எல்லாப் படத்துலயும் வெட்டுதீங்கன்னு தெரியும். கேட்டா நீங்க அழுதுருவீங்கன்னு கேக்கல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கால் விரலையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னைக்கு நான் சிரிச்சிட்டேம்பா. அந்த அப்பா ஆமை விழுந்துச்சுல்லா, அப்ப ரொம்பச் சிரிச்சேன். மாமாவும் சிரிச்சாரு. அந்நேரம் இங்கன அம்மா செத்துக் கிடந்துருக்கா. எனக்குத் தெரியாதுப்பா."

மூன்று வருஷமாக இதை ஓர் ஐந்து வயசுப் பிள்ளை சுமந்து எட்டு வயசு வரை கொண்டுவந்திருக்கிறது. பயந்துவிடக் கூடாது என்றுதானே அனுப்பினோம். நாங்கள் அனுப்பியதைவிடப் பெரிய பயம் எதுவும் இந்த வீட்டில் அன்றைக்கு இருந்திருக்காது. "நீ ஒரு தப்பும் செய்யல மக்களே, நாந்தான் செஞ்சேன்" என்றேன். அவள் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வேனைக் கடையருகே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். "அந்தத் துண்டு இருக்காப்பா?" என்றாள். ஃபோல்டரைத் திறந்து போட்டேன். வெள்ளம் வந்தது. அம்மா ஆமை குட்டியைப் பாறை மேல் தள்ளிவிட்டு ஆற்றோடு போனது. குட்டி பாறையிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தது. அவளும் முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள்.

"எங்க அம்மா அன்னைக்கு என்ன சேலை கட்டிருந்தா?"

"பச்ச. ஜவுளிக் கடைக்குப் போனப்ப உனக்கும் அதே நிறத்துல பாவாடை எடுத்தாளே, அந்தச் சேலை."

"பூ வச்சிருந்தாளா?"

"வச்சிருந்தா. பிச்சிப்பூ."

"தலையை யாரு சீவிவிட்டா?"

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "நாந்தான். ஆஸ்பத்திரில கடைசி ஒரு வாரமா தினமும் நாந்தான் சடை பின்னிவிட்டேன். அன்னைக்குக் காலையிலயும் பின்னிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டாந்தப்பவும் அந்தச் சடைதான்."

அவள் தன் சடை இரண்டையும் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் கோணலாவா பின்னுனீங்க?"

"ரொம்பக் கோணல். கண்ணாடில பாத்துட்டு, பிள்ளைக்கு இப்படிப் பின்னி அனுப்பிராதீங்கன்னு சிரிச்சா. அன்னைக்குக் காலையில."

"அன்னைக்கா? அம்மாவும் சிரிச்சாளா?"

"ஆமா. அன்னைக்குத்தான்."

அவள் முதலில் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது அழுகை வந்துவிட்டது. யாரோ போனைக் கொடுக்க வந்து நின்றார். "நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டு அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். அம்மாவுக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.