என் இரத்தம் கர்ப்பமான கதை

போன கிழமை கர்க்லாண்ட் கிளினிக்கில் இரத்தம் சோதிக்கப் போனேன். ஊசியோடு நின்ற எங்கட தமிழ்ப் பிள்ளை, "முடிக்கு, நகத்துக்கு விற்றமின் ஏதும் எடுக்கிறனீங்களோ, அங்கிள்?" என்று கேட்டாள். என் தலையைப் பார்த்த பிறகும் கேட்டாளே, நல்ல வளர்ப்பு. பஞ்சில் இருந்த ஸ்பிரிட் மணம் என்னை நேரே, நான் இளந்தாரியாக வேலை செய்த லாசாலுக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே ஒரு சின்ன ஆய்வுகூடம். கரு தங்க உதவுகிற புரோஜெஸ்ட்ரோனை இரத்தத்தில் அளக்க ஒரு பரிசோதனை உருவாக்கிக்கொண்டிருந்தோம். பொறுப்பு, மன்னார் மலர் அக்கா. சின்னக் குழிகள் உள்ள தட்டில் இரத்தநீரை விட்டால் மஞ்சள் நிறம் வரும். அந்த ஹோர்மோன் கூடினால் மஞ்சள் குறையும். ஆணின் இரத்தம் நல்ல மஞ்சளாக வரவேண்டும். அங்கே ஒரே ஆம்பிளை நான். சட்டைக்கையை மடித்துவிடுவதுதான் விஞ்ஞானத்துக்கு என் பங்களிப்பு.

வெள்ளிக்கிழமை முதலாளி பார்க்க வருகிறார். சரிவராவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிடுவார். அக்காவின் இரண்டு வருட உழைப்பும் போச்சு. வியாழன் காலை என் குழி மஞ்சளே இல்லாமல் வெறும் தண்ணீராகக் கிடந்தது.

"தம்பி, உமக்கு இப்ப மூண்டு மாசம்," என்றா அக்கா. சிரிக்கவில்லை.

திரும்பச் செய்தோம். அதே கதி. மற்ற எல்லாருடைய இரத்தமும் ஒழுங்கு.

"என்னத்தைத் திண்டனீர்?"

"புட்டு."

"வேற?"

முடி வளரக் குளிசை போடுகிறேன் என்று சொல்வது ஊசியைவிட நொந்தது. அக்கா டப்பாவை வாங்கி வாசித்தா. பயோட்டின். மஞ்சளை வரவழைக்கிற எங்கள் மருந்தைக் குழியின் சுவரில் பிடித்துவைக்க நாங்கள் பசையாகப் பாவித்ததும் அதே விற்றமின்தான். என் இரத்தத்தில் இருந்த பயோட்டின் முந்திப்போய் இடத்தைப் பிடிக்க, மருந்து கழுவப்பட்டுப் போயிருக்கிறது.

"அட மொக்கு! இதைப் பொம்பிளையளும் எல்லோ போடினம். கரு நிக்காதவளுக்கும் நிக்குது எண்டு சொல்லியிருப்பம்!"

அடுத்த நாள் அவ என் குழியை ஒளிக்கவில்லை. முதலாளியின் மூக்குக்கு முன்னால் வைத்து, திருத்துவதற்கு நேரம் கேட்டா. அந்த மனிசன் தாடியைச் சொறிந்து சொறிந்து, கடைசியில் ஓமென்றார். பசையே இல்லாமல் மருந்தை நேராகச் சுவரில் படியவைத்தோம். குளிசை போட்ட என் இரத்தம் மஞ்சள்தூள் கரைத்ததுபோல வந்தது. எங்கள் பரிசோதனை மருத்துவமனையில் பாவனைக்கு வந்தது. உலகத்தில் வேறு ஆட்களும் இந்தக் குளிசைக் குழப்பத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். லாசாலில் கண்டுபிடித்தது என் வழுக்கை.

இப்போது அந்த வேலையை ஒரு மெஷின் தன் மூடிக்குள்ளேயே முடித்துவிடுகிறது. அக்காவின் பெயர் எங்கும் இல்லை. ஆய்வுகூடம் நின்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, ஒரு பால்கனியில் குழந்தை உடுப்புகள் காய்ந்தன. அந்த வீட்டுக்காரருக்கும் எங்கள் பரிசோதனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் காரை நிறுத்தி, சொந்தக்காரன் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.