வாசலுக்கு மேலே மலைத்தேனீ

என் கணவருக்கு சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு மாற்றல் வந்த அன்றே, ஓசூர் மத்திகிரி வீட்டை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. இருவருக்கும் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஓசூருக்குப் பிழைக்க வந்து, வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்து, பதினோரு வருடத்துக்கு முன்பு கட்டிய வீடு அது. கீழே ஹாலும் சமையலறையும் ஒரு அறையும், மாடியில் ஒரு அறையும் பால்கனியும். அவர் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நான் கார்மென்ட்ஸில் செக்கிங். தைத்து வரும் சட்டைகளில் கறை இருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துப் போடுவது என் வேலை.

தரகர் ஒருவர் வந்து பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வருகிறவர் எந்த மொழியோ அந்த மொழிக்கு உடனே மாறிவிடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்வந்தவர், கடைசியில் தயங்கியபடி சொன்னார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது முழுக்க உங்க வீடா இருக்குது. வாங்க வர்றவங்களுக்கு அவங்க வீடா தெரியணும்."

அதற்கு அவர் சொன்ன வழிகள் எல்லாம் சின்னச் சின்னவை. ஹாலில் கட்டியிருந்த துணிக்கொடியை எடுக்கவேண்டும். சுவரில் தொங்கும் நான்கு காலண்டரில் மூன்றைக் கழற்றவேண்டும். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றவேண்டும். ஹால் ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்தவேண்டும். முகப்புக்குப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டும்.

பீரோவை நாங்கள் இருவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நகர்த்தினோம். நகர்த்திய மறுகணம் வெயில் ஹாலைத் தாண்டிச் சமையலறைச் சுவர் வரைக்கும் போய் விழுந்தது. பதினோரு வருடமாக அந்த வெயில் பீரோவின் முதுகில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. "இது நம்ம வீடாங்க?" என்று கேட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகப்புக்கு இளமஞ்சள் அடித்தோம். பெயின்டர் வியாழக்கிழமை வேலையை முடித்தார். முதல் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் நான் வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு இரைச்சல் கேட்டது. டிரான்ஸ்பார்மரில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தெருவுக்கு மேலே ஆகாயம் பழுப்பு நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன்.

ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான தேனீக்கள். எங்கள் பால்கனித் தளத்தின் அடிப்பக்கத்தில், சரியாகத் தலைவாசலுக்கு மேலே, ஒன்றின்மேல் ஒன்றாகப் பற்றிக்கொண்டு தொங்கத் தொடங்கின. அரை மணி நேரத்தில் அங்கே ஒரு கருப்புச் சாக்கு கட்டித் தொங்கவிட்டதுபோல ஆகிவிட்டது.

மறுநாள் பெங்களூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வெள்ளைக் காரில் வந்தார்கள். இறங்கும்போதே அந்தக் கணவருக்கு முகம் மலர்ந்திருந்தது. கேட் நிறத்தையும் சுவர் நிறத்தையும் பாராட்டிக்கொண்டே வந்தவர், வாசலருகில் தலையைத் தூக்கிப் பார்த்தார். அதற்குள் அந்தம்மா காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். இரண்டு நிமிடத்தில் கார் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டது.

"ஹெஜ்ஜேனுக்கா இது," என்றார் தரகர், மலைத்தேனீயைக் கன்னடத்தில் சொல்லி. "கூட்டமா கொட்டுனா ஆளே தாங்காது. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் இருக்காங்க. பந்தம் கட்டிக் கொளுத்திடுவாங்க. ஒரு மணி நேர வேலை. புதன்கிழமை வரச் சொல்லவா?"

நாங்கள் சரி என்றோம். அன்று சாயங்காலம் இன்னொரு சங்கடம் சேர்ந்துகொண்டது. கூட்டிலிருந்து ஒரு கூட்டம் குபுகுபுவென்று கிளம்பி ஒரு சுற்று பறந்துவிட்டுத் திரும்பியது. திரும்பிய பிறகு பார்த்தால் சுவரெல்லாம், கேட்டெல்லாம், ஸ்கூட்டர் சீட்டெல்லாம் மஞ்சள் மஞ்சளாய்ப் பொட்டு. தேனீக்களின் எச்சம். கறை பார்த்தே பழகிய கண் எனக்கு. சட்டையாக இருந்தால் அந்த வீட்டை ரிஜெக்டில் போட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை என் கணவர் காலை ஷிப்ட் முடித்து வந்து, எதிர்ப்பக்கம் காலி மனையில் இருந்த புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பந்தம் பிடிக்க வருகிறவர்களுக்கு ஏணி எங்கே வைக்கலாம் என்று பார்க்கத்தான் போனார். கொஞ்ச நேரத்தில் என் போனுக்குக் கூப்பிட்டார்.

"இந்தா, சத்தம் போடாம பின்வாசல் வழியா இங்கிட்டு வா."

போய் நின்றேன்.

"ஒரு பெரிய குளவி சுத்திக்கிட்டிருக்கு. இப்பத் திரும்ப வரும். கூட்டையே பாரு."

குளவி வந்தது. கூட்டுக்கு ஒரு முழத் தூரத்தில் அது நெருங்கியதும், அந்தக் கருப்புப் பரப்பில் ஒரு அலை ஓடியது. ஓர் இடத்தில் தொடங்கி, வட்டமாய் விரிந்து, விளிம்பு வரைக்கும் போய் மறைந்தது. உடனே இன்னொன்று. ஒவ்வொரு தேனீயும் தன் முறை வந்ததும் வயிற்றைத் தூக்கி இறக்குகிறது, அவ்வளவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஒரே உடம்பு சிலிர்ப்பதுபோல இருந்தது. கூடவே 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல். குளவி பின்வாங்கியது. இடப்பக்கமாக வந்தது. அலை இடப்பக்கத்திலிருந்து கிளம்பியது. கடைசியில் அது வந்த வழியே போய்விட்டது.

எனக்கு முழங்கையிலிருந்து தோள்வரை மயிர் சிலிர்த்திருந்தது.

"பாத்தியா?" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "எங்க லைன்ல எட்டு மிஷினை ஒண்ணுபோல ஓட வைக்க நாங்க படுற பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு சென்சார் கண்ண மூடுனா எல்லாம் நின்னுபோகும். இங்க பாரு. இத்தன ஆயிரத்துக்கும் யாரு சிக்னல் குடுக்குறா? கண்ட்ரோல் பேனல் எங்க இருக்கு?"

அங்கேயே வைத்துத் தரகருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு ஆள் வேண்டாங்க. தீ வைக்க வேண்டாம்."

"அண்ணா, சீக்கிரம் வித்துக் குடுன்னு சொன்னது நீங்கதானே?"

"இப்பவும் அதத்தான் சொல்றேன். தீ மட்டும் வேண்டாம்."

எனக்குக் கோபம் வராமல் இல்லை. நமக்கு இருப்பது ஒரே வீடு, அதை யார் வாங்குவார்கள் என்று சண்டை போட்டேன். அவர் மனம் மாறவில்லை. தெருவில் வீடுவீடாகப் போய், பிள்ளைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், பக்கத்தில் குப்பை எரிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எதிர்வீட்டு அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. அவரையும் புங்க மரத்தடிக்கு அழைத்துவந்து உட்காரவைத்து, அலையைக் காட்டினார். அதன் பிறகு அந்தம்மா மறுக்கவில்லை. கேட்டிலிருந்து லைட் கம்பம் வரை கயிறு கட்டி, தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டோம். நாங்கள் பின்வாசலுக்கு மாறினோம். வாசல் விளக்கைப் போடுவதில்லை. அத்தனை நாளில் கொட்டு வாங்கியது அவர் ஒருவர்தான். அதுவும் ஒரு தேனீ தெரியாமல் காலருக்குள் போய்விட்டதால்.

பங்குனியில் அவர் ஒரகடத்தில் போய்ச் சேர்ந்தார். வீடு விற்கும்வரை நான் இங்கே. போன் செய்தால் முதல் கேள்வி, "எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"உன்னைக் கேக்கல."

திட்டுவேன். திட்டிவிட்டு, அன்று பார்த்ததைச் சொல்வேன். அதற்குள் நானும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். மாம்பூக் காலத்தில் வந்தவை. பிறகு புங்க மரம் பூத்தபோது எதிர் மனைக்கும் கூட்டுக்கும் இடையே ஓயாத போக்குவரத்து. அவை பக்கத்துக் கால்நடைப் பண்ணைத் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வரும் என்று அங்கே வேலை செய்கிறவர் ஒருவர் சொன்னார். முறம் அளவு இருந்த கூடு, கதவில் பாதி அகலத்துக்கு வளர்ந்துவிட்டது.

சித்திரையில் ஒரு பிற்பகல் சூறைக்காற்றோடு மழை வந்தது. பக்கத்து வீட்டு ஷீட் ஒன்று பிய்த்துக்கொண்டு போய்த் தெருவில் விழுந்தது. கூடு அத்தோடு போயிற்று என்று ஜன்னலுக்கு ஓடினேன். தேனீக்கள் எல்லாம் தலையை மேலே வைத்து, ஒன்றின் இறக்கை அடுத்ததன்மேல் படியும்படி, ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கி நின்றன. சாரல் அந்த இறக்கைக் கூரையில் விழுந்து, வழிந்து, கீழ்நுனியில் ஒரே தாரையாகச் சொட்டியது. மழை விடும்வரை நானும் நகரவில்லை. நாங்கள் கட்டிய வீட்டின் மாடி ஜன்னல் ஒழுகிக்கொண்டிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டைத் தினமும் துடைத்து வைத்தேன். மஞ்சள் பொட்டுகளை விடியற்காலையில் ஈரத்துணியால் எட்டின மட்டும் ஒற்றி எடுத்தேன். தரகர் சிலரைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்து காட்டினார். உள்ளே எல்லோருக்கும் பிடித்தது. வெளியே போய் நிமிர்ந்து பார்த்ததும் பிடிக்காமல் போனது. பிறகு தரகரும் போன் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்.

வைகாசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில், தரகர் ஒரு பெண்ணையும் அவள் அப்பாவையும் அழைத்து வந்தார். அந்தப் பெண் ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மத்திகிரியிலேயே வாடகைக்கு இருக்கிறாள். சொந்த வீடு வாங்கப்போகும் மகளோடு கூட நிற்க, அப்பா அஞ்செட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். மாடும் கேழ்வரகும் வைத்திருக்கிறவர். எதிர் மனையில் நின்று கூட்டைப் பார்த்தவர், கண்ணைச் சுருக்கினார்.

"கீழ மெழுகு வெளுப்பா தெரியுது பாருங்கம்மா. புள்ளையெல்லாம் பறந்து முடிஞ்சிருச்சு. இன்னிக்கோ நாளைக்கோ கெளம்பிரும்."

உடனே கணவருக்கு வீடியோ கால் போட்டேன். அவர் எடுக்கும்போதே கூட்டின் சத்தம் மாறிவிட்டிருந்தது. எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும் தேனீக்கள் இப்போது அடையின்மேல் ஓடத் தொடங்கின. ஓட்டம் கூடக் கூட இரைச்சல் ஏறியது. கீழ்விளிம்பில் திரை கிழிவதுபோல் ஒரு கிழிசல் விழுந்தது. அங்கிருந்து கொத்துக் கொத்தாய்ப் பிரிந்து, பிரிந்து, சில நிமிடத்தில் மொத்தமும் ஆகாயத்தில்.

எங்கள் தலைக்கு மேலே அது சுற்றியது. அதன் நிழல் தெருவில் ஓடியது, எங்கள் முகத்தில் ஓடியது, வீட்டுச் சுவரில் ஏறி இறங்கியது. மாடிகளில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. தரகர் அண்ணாந்தபடியே நின்றார். நெஞ்சுக்குள்ளே ஏதோ அதிர்கிறது, அது வெளிச்சத்தமா என் இதயமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு முழுச் சுற்று. பிறகு கூட்டம் நீண்டு, ஜவளகிரிக் காட்டுப் பக்கமாகச் சாய்ந்து, புகைபோல் மெலிந்து, இல்லாமல் போனது.

அவ்வளவு நிசப்தத்தை அந்தத் தெருவில் நான் கேட்டதில்லை. கையில் போன் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "ஹலோ? ஒண்ணும் தெரியல, சாம்பலாத்தான் தெரியுது. சத்தம் மட்டும் கேட்டுச்சு. என்ன ஆச்சு?"

"போயிட்டாங்க," என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

மாதக்கணக்கில் திறக்காத தலைவாசலைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்துப் போனேன். அப்பா ஒவ்வொரு குழாயாகத் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் விட்டுப் பார்த்தார். அந்தப் பெண் சமையல் மேடை முன்னால் நின்று, தோசை வார்ப்பதுபோலக் கையை அசைத்து, உயரம் சரியா என்று பார்த்தாள். சொல்லாமல் விற்க எனக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணு சொல்லிடணும். அடுத்த வருஷமும் அதுங்க இதே எடத்துக்கு வரலாம்."

தரகர் என்னை முறைத்தார். அப்பா சிரித்தார். "வராம என்னம்மா, ருசி கண்ட எடம். மூணு நாலு மாசம் இருந்துட்டுப் போவும்." மகளைப் பார்த்தார். "உனக்குப் பயமா இருக்குதா?"

"நான் இந்தத் தெரு வழியாத்தான் டூட்டிக்குப் போறேன்ப்பா," என்றாள் அவள். "இன்னிக்குக் கொளுத்திருப்பாங்க, நாளைக்குக் கொளுத்திருப்பாங்கன்னு தெனமும் பாத்துட்டே போவேன். கொளுத்தவே இல்ல." அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசாமல் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, மேடை எனக்குக் கொஞ்சம் உசரமா இருக்குது. மத்ததெல்லாம் சரியா இருக்குது. லோன் பேப்பருக்கு என்னென்ன வேணும்?"

பத்திரப் பதிவுக்கு முதல்நாள் சாயங்காலமே என் கணவர் வந்துவிட்டார். மறுநாள் காலை எழுந்ததும் ஏணியை எடுத்துத் தலைவாசலில் சாத்தி ஏறினார். வெறும் மெழுகு அடை மட்டும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் உடைந்து நின்ற ஒரு துண்டு அவர் விரல் பட்டதும் கையோடு வந்தது. உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"வெயிட்டே இல்ல," என்றார். "இந்தா, நீ பிடிச்சுப் பாரு."

வாங்கிப் பார்த்தேன். உலர்ந்த பூவைப்போல் இருந்தது. ஒவ்வொரு அறையும் அதே ஆறு பக்கம், அதே அளவு. எவ்வளவு தேடியும் ஒரு பிசகைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருடம் ஆயிரம் சட்டையில் பிசகு தேடிய என் கண்ணால் முடியவில்லை.

"மிச்சத்தையும் எடுத்துரவா?" என்று மேலே நின்றபடியே கேட்டார்.

"இருக்கட்டும். வீட்டோட குடுத்துருவோம்."

அவர் இறங்கி ஏணியை மடக்கினார். பதிவு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய்ப் புடவை மாற்றினேன்.